நாற்பத்தைந்து கிலோ மிச்சம்

மரியபுஷ்பத்தைப் பாக்கியநாதன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. அவள் நாற்பத்தொரு கிலோவாக வாசல்படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மீதி நாற்பத்தைந்து கிலோ முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. மலையில் தூறல் பிடித்திருந்தது. புஷ்பம் குடையை விரித்துத் தெருவில் இறங்கி, நாலு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள்.

"என்னங்க, அதை உள்ள கூப்பிடுங்க. நனையுது" என்றாள்.

பிறகு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போனாள். பாக்கியநாதன் அதை உள்ளே கூப்பிட்டார். அது மொச்சைத் தட்டோடு எழுந்து உள்ளே வந்தது.

சேம்பாறையில் பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு குடித்து இளைப்பவர்களின் எடை வெளியே எங்கும் போவதில்லை. அது வீட்டிலேயே தங்கிவிடும். முதல் கிலோ அரிசிப் பானைக்குப் பின்னால் வந்து உட்காரும். பிசைந்த மாவு நிறத்தில், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டாவது கிலோ வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். பத்துக் கிலோ சேர்ந்தால் நடக்கும். பதினைந்தில் கதவைச் சாத்தப் பழகும். இருபதைத் தாண்டினால் தனக்கென்று ஒரு தட்டு கேட்கும். முகம் கிடையாது, ஆனாலும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஊரில் அதற்கு மிச்சம் என்று பெயர்.

சாற்றை விற்றது கீழே சமவெளியில் இருக்கிற இளங்கொடி என்ற நிறுவனம். சேம்பாறை மூன்று தலைமுறையாகக் காப்பி விளைகிற ஊர். அங்கே கொட்டையைக் கறுக்க வறுத்து, கருப்பட்டி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியநாதன் காப்பிக் கிடங்கில் எடைக்காரர். முப்பத்து நான்கு வருஷமாக அவர் எடை போட்டு மலையிறக்கிய கொட்டை, ஒரு வருஷம் பச்சையாகவே அரைபட்டு, டப்பாவில் அடைபட்டு, திரும்ப மலையேறி வந்தது. டப்பாவின் மேல் இடுப்பே இல்லாத ஒரு பெண் இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினம் இரண்டு வேளை, வெறும் வயிற்றில். குறைந்த எடை திரும்பாது என்பதற்கு நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருந்தது. வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஆனாலும் குடித்தார்கள்.

அதனால் ஊருக்குச் சில வசதிகளும் உண்டாயின. பஞ்சாயத்துத் தலைவர் இளைத்த பதினெட்டுக் கிலோ, அவர் போக வேண்டிய விழாக்களுக்கெல்லாம் போய் மேடையில் உட்கார்ந்தது. யாருக்கும் குறை தெரியவில்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலையைத் தபால்காரரின் ஒன்பது கிலோதான் பார்த்தது, ஏனென்றால் குத்துகிற வலு அதில்தான் இருந்தது. தலைமையாசிரியரின் பன்னிரண்டு கிலோ பள்ளிக்கூட வாசலில் நின்றது. பிள்ளைகள் அதற்குத்தான் பயந்தார்கள்.

புஷ்பம் ஏழு வருஷத்தில் எண்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்றுக்கு வந்தாள். ஊரில் அவளுக்கு மேல் இளைத்தவர்கள் யாரும் இல்லை. இளைத்தவள் அதிகம் பேசமாட்டாள். காலையில் ஐந்து பாதாம் பருப்பை எண்ணி வைத்துக்கொண்டு, நான்கைத் தின்றுவிட்டு ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிரிப்பு அவளுக்கு முப்பதாவது கிலோவோடு போய்விட்டது. வெல்லப் பணியாரத்துக்குப் பக்குவம் பார்க்கிற கை இருபத்திரண்டாவது கிலோவோடு போனது. கோவில் பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடிக்கொண்டிருந்தவள். அந்தக் குரல் எந்தக் கிலோவோடு போனது என்று பாக்கியநாதனுக்கு நினைவில்லை. போனதெல்லாம் மிச்சத்திடம் இருந்தது. அது அடுப்படியில் பாடியது. கல்யாணமான புதிதில் புஷ்பம், கிடங்குப் பெண்கள் கூப்பிடுகிற மாதிரியே, அவரைக் கிண்டலாக "என்ன மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது மிச்சம் அப்படிக் கூப்பிட்டது.

சாயங்காலம் கிடங்கிலிருந்து வந்தால் அவர் அடுப்படியில் மணைபோட்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்ன மேஸ்திரி, இன்னிக்கு எத்தனை மூட்டையோட குஸ்தி?"

"நூத்திப் பத்து."

"யாரு ஜெயிச்சது?"

அவர் சிரிப்பார். புஷ்பம் கூடத்தில் சுவரைப் பார்த்து நடந்துகொண்டே இருப்பாள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் எட்டு அவளுக்குக் கணக்கு.

"அதோட என்னங்க அவ்வளவு பேச்சு?" என்பாள், நடையை நிறுத்தாமல்.

"சும்மாதான்."

"நான் இங்கதானே இருக்கேன்?"

"நீதானே அதுவும்?"

"நான் வேண்டாம்னு கழட்டிப் போட்டதுங்க அது. என்கிட்ட பேச ஒண்ணும் இல்ல, அதுகிட்ட மட்டும் இருக்கா?"

மிச்சம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளும். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசியதில்லை. "அதுகிட்டச் சொல்லுங்க, உப்பு தீர்ந்துருச்சு" என்று புஷ்பம் சொல்வாள். "அவுககிட்டச் சொல்லுங்க, டப்பா அடியில கொஞ்சம் கெடக்கு" என்று மிச்சம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் பாக்கியநாதன் உப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகையால்தான், அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் திரும்பி நின்று நனைகிறது என்று சொன்னது அவருக்கு மனதில் நின்றுபோயிற்று.

அன்றைக்குப் பஸ் நிலையத்தில் இளங்கொடி நிறுவனத்தின் சாதனையாளர் விழா. மேடையில் தராசு வைத்திருந்தார்கள். புஷ்பம் ஏறி நின்றாள். நாற்பத்தொன்று என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் கைதட்டினார்கள். நிறுவனத்து முகவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஜரிகை வைத்த பொன்னாடை. ஒன்றே கால் கிலோ. அதன் எடை தாங்காமல் அவள் மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

தூக்குவதற்கு நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் போதுமாக இருந்தது. மற்ற இரண்டு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட நடந்தார்கள்.

சேம்பாறையில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஊர் முழுக்கக் காப்பிக் கிடங்கில் வேலை பார்க்கிறவர்கள். கிடங்கில் கொட்டையிலிருந்து தொலியைப் பிரித்தெடுத்தால் தொலியைத் தூக்கிப் போடக் கூடாது. பக்கத்திலேயே கட்டி வைத்திருந்து, சரக்கு கிளம்புகிற அன்றைக்கு இரண்டையும் ஒரே சீட்டில், ஒரே வாசல் வழியாக அனுப்ப வேண்டும். மனிதர்களுக்கும் ஊர்க்காரர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். வேறு சட்டம் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருவர் இறந்தால் அவருடைய மிச்சமும் பெட்டிக்குப் பின்னால் நடந்து போய், தானாகக் குழியில் இறங்கிவிடும்.

புஷ்பத்தின் பெட்டி தெருவில் இறங்கியபோது பங்குச்சாமியார் கேட்டார், "எல்லாம் கிளம்பியாச்சா?"

"ஆச்சு, சாமி" என்றார் பாக்கியநாதன்.

மிச்சம் உள்ளே இருந்தது. அவர் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். மறதி என்று பிறகு சிலர் சொன்னார்கள். மறதி இல்லை. உள்ளே கூப்பிடச் சொல்லி அவள் சொல்லியிருந்தாள். அவர் கூப்பிட்டுவிட்டார். வெளியே அனுப்பச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இறப்பைப் பதியப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனபோது அங்கிருந்த எழுத்தர் கையால் ஒரு கழித்தல் போட்டுப் பார்த்தார்.

"மொத்தம் எண்பத்தாறு. இறந்தது நாற்பத்தொன்று. பாதிக்கு மேல வீட்டுல இருக்கு. எப்படிங்க பதியறது?"

"பதிய முடியாதுங்களா?"

"மெஜாரிட்டி உயிரோட இருக்கே. நாற்பத்து மூணுக்குக் கீழ வரட்டும், பார்க்கலாம்."

பாக்கியநாதன் நன்றி சொல்லிவிட்டு வந்தார். ரேஷன் அட்டையில் புஷ்பத்தின் பெயர் அப்படியே இருந்தது. மாதம் இரண்டு பேருக்குச் சர்க்கரை வந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் இளங்கொடியின் முகவர் வீட்டுக்கு வந்தார். கிருபாகரன் என்று பெயர். பொன்னாடை போர்த்தியவர் அவர்தான். மரியாதையான மனிதர். அவரும் சாறு குடித்து இளைத்தவர். பெல்ட் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தும் நுனி தொங்கியது. அவருடைய மிச்சத்தை நிறுவனம் முதல் வருஷமே எடுத்துக்கொண்டுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் காற்றுக்கு எழுந்துவிடாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா எங்க கம்பெனிக்கே பெருமைங்க ஐயா. போட்டோவைப் பஸ் ஸ்டாண்டுல மாட்டியிருக்கோம், பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"லேமினேஷன் போட்டிருக்கு. மழைக்கு ஒண்ணும் ஆகாது."

மிச்சம் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தது. வறுத்த கொட்டை, கருப்பட்டி. கிருபாகரன் டம்ளரைப் பார்க்கவில்லை. கொண்டுவந்ததைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு இருக்குமா?"

"இருக்கும்."

"ஐயா தப்பா நினைக்கக் கூடாது. குறைஞ்ச எடை திரும்பாதுன்னு உத்தரவாதம் குடுத்திருக்கோம். இங்க பார்த்தா, காப்பி போட்டுக் கொண்டுவருது. வெளியாளுங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? திரும்பிருச்சுன்னுதானே நினைப்பாங்க?"

"அது எங்கயும் போகலியே தம்பி, திரும்புறதுக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன். போகணும்."

பாக்கியநாதன் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "எங்க கொண்டுபோவீங்க?"

"கீழ, ஃபாக்டரிக்குத்தான். 'பூரிப்பு'ன்னு புதுசா ஒரு பொடி போடுறோம். ஒல்லியா இருக்கிற பொண்ணுங்களுக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி நாப்பது நாள் பால்ல கலந்து குடிச்சா கன்னம் வைக்கும்."

"அந்தப் பொடியில இது இருக்குமா?"

"முழுக்க முழுக்க இயற்கையான பொருள்தாங்க சேர்க்கிறோம்."

மிச்சம் கதவோரம் நின்றிருந்தது. "எத்தனை பொண்ணுக்கு வரும் தம்பி?" என்று கேட்டது.

"முன்னூறு பேருக்குத் தாராளமா வரும்க்கா."

"அத்தனை கல்யாணத்துக்கும் நான் என்னத்தக் கட்டிக்கிட்டுப் போறது? எனக்கு இருக்கிறது ரெண்டு சேலை."

கிருபாகரன் சிரிக்கவில்லை. அவர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒரே சீட்டுல ரெண்டும் போயிருக்கணும். நீங்கதான் பிரிச்சுட்டீங்க. இப்ப இதுக்குத் தனிச்சீட்டு போட்டாகணும். சனிக்கிழமை காலைல ஜீப் வரும். கிடங்குத் தராசுல ஏத்தி, வழக்கம்போல நீங்களே எடையைக் கூவிட்டீங்கன்னா நான் ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

சேம்பாறைக் கிடங்கில் எடைக்காரர் வாய்விட்டுக் கூவினால்தான் அது எடை. முள் நின்றால் மட்டும் போதாது. வாங்குகிறவன் காதிலும் விற்கிறவன் காதிலும் விழுந்த பிறகுதான் சரக்கு கை மாறும். கூவாத மூட்டையை ஜீப்பில் ஏற்ற யாரும் தொடமாட்டார்கள். அதே சமயம், தராசு வரைக்கும் வந்த சரக்கை எடைக்காரர் திருப்பி அனுப்பவும் கூடாது. பாக்கியநாதன் மாட்டேன் என்றால் வேறொருவரைத் தராசில் நிறுத்துவார்கள். அந்த ஆள் கூவிவிடுவார்.

கிருபாகரன் போன பிறகு மிச்சம் டம்ளர்களை எடுத்தது.

"மேஸ்திரி."

"ம்."

"நான் போயிட்டா உங்களுக்கு என்ன இருக்கும்?"

பாக்கியநாதன் யோசித்துப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுல போட்டோ இருக்கும்" என்றார்.

"அதுல நான் இல்லையே."

"ஆமா."

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பவுனம்மா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். அவள் கிடங்கில் கொட்டை பொறுக்குகிறவள்.

"அண்ணே, பேசாம அதை எங்க வீட்டுல கொண்டுவந்து விடுங்க. எங்க வீட்டுக்காரரோட இருபது கிலோ திண்டுல சாஞ்சு சும்மாதான் கெடக்கு. பேச்சுத் துணையா இருக்கும்."

"வேணாம் பவுனு. ரெண்டும் சண்டை போட்டுக்கும்."

"சண்டை போடட்டுமேண்ணே. எங்க வீட்டுக்காரர் இளைச்ச பிறகு என்கூடச் சண்டை போடுறதுக்கு ஆளே இல்ல. 'சரிம்மா, சரிம்மா'ங்கிறாரு. என்ன ஒரு வாழ்க்கை?"

மிச்சம் உள்ளேயிருந்து சிரித்தது. பவுனம்மா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "சிரிப்பைப் பாரு. ஏண்டி, நாளைக்குப் பொடியாகப் போறவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கெடக்கு?"

"பொடியான பிறகு முன்னூறு வாயால சிரிப்பேன், நீ பாரேன்."

வெள்ளிக்கிழமை அது வெல்லப் பணியாரம் சுட்டது. பாக்கியநாதன் ஒன்பது சாப்பிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. மீதியை வாழையிலையில் கட்டி, அதையும் ஜீப்பில் எடுத்துக்கொண்டு போகலாமா என்று மிச்சம் கேட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கிடங்கு முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப் வாசலில் நின்றது. கிருபாகரன் வாசல் கதவுக்கு அருகே, பறந்துவிடாமல் ஒரு கல்லைக் கையில் பிடித்தபடி நின்றார். அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம்.

மிச்சம் புஷ்பத்தின் ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. மேடைத் தராசின் பலகைமேல் அது ஏறியதும் பெண்கள் கையை நிறுத்தினார்கள். பாக்கியநாதன் தராசுக் கம்பியில் எடைக்கல்லைத் தள்ளித் தள்ளி வைத்தார். கம்பி சமனுக்கு வந்தது. அவர் பார்த்துக்கொண்டார்.

இதே பலகை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை. தராசுக்கு மாலை போட்டு, பொரி கொடுத்து, விளையாட்டுக்கு ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு புஷ்பம் வந்தாள். ஏறு ஏறு என்று பிடித்துத் தள்ளினார்கள். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். பாக்கியநாதன் கல்லைத் தள்ளினார். வாய் தானாகத் திறந்தது. மூட்டைக்குக் கூவுகிற அதே ராகத்தில், முற்றத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படியாக, எண்பத்தாறேய் என்று கூவினார். நாற்பது பெண்கள் சிரித்தார்கள். அப்போது யாரோ கேட்டார்கள்: "மேஸ்திரி, சாக்கு கழிச்சீங்களா?" மூட்டையின் எடையில் சாக்கின் எடையைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் இந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு மூட்டைக்கும் அவர் அதே பதிலைச் சொல்வார். அன்றைக்கும் அதையே சொன்னார்.

"கழிச்சாச்சு."

புஷ்பமும் சிரித்தாள். இறங்கித் தூக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மறுநாளிலிருந்து சாப்பாடு கொண்டுவரவில்லை. அடுத்த வாரம் வீட்டில் முதல் டப்பா இருந்தது.

"ஐயா, சொல்லுங்க" என்றார் கிருபாகரன்.

பாக்கியநாதன் தராசை விட்டு இரண்டு எட்டு நடந்து பலகைக்கு அருகே போனார். மிச்சத்துக்குக் காது எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் வாயை வைத்து, எடையைச் சொன்னார். சாக்கு கழிக்கவில்லை என்றும் சொன்னார்.

மிச்சம் அவர் பக்கம் திரும்பியது. பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையிலிருந்து இறங்கியது.

"என்ன சொன்னீங்க?" என்றார் கிருபாகரன்.

"எடையை."

"எனக்குக் கேக்கலியே?"

"உங்களுக்குச் சொல்லலியே தம்பி."

"வாய்விட்டுக் கூவணும். அதானே இங்க சட்டம்?"

"வாயாலதான் சொன்னேன்."

"இன்னொரு தடவை சத்தமா சொல்லிருங்க. முடிஞ்சுது."

"ரெண்டு தடவை சொன்னா ரெண்டு மூட்டை தம்பி. அதுவும் சட்டம்தான். தொண்ணூறு ஆயிரும். உங்க சீட்டுல நாப்பத்தஞ்சுதானே போட்டிருக்கு?"

கிருபாகரன் சீட்டைப் பார்த்தார். நாற்பத்தைந்து என்றுதான் போட்டிருந்தது. அவர் நியாயமான மனிதர். இல்லாத நாற்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட அவரால் முடியாது.

பவுனம்மா முறத்தைத் தட்டினாள். "சரக்குக்கும் எடைக்காரருக்கும் பேச்சு முடிஞ்சுது. நடுவுல நீங்க யாரு தம்பி? கல்லைக் கீழ போட்டுராதீங்க, பறந்துருவீங்க."

பெண்கள் சிரித்தார்கள். மிச்சமும் சிரித்தது. அடிக்குரலில் வந்த அந்தச் சிரிப்பைக் கேட்டு, பாட்டுக்குழுவில் கூடப் பாடின இரண்டு மூன்று பேர் தலை குனிந்து கொட்டை பொறுக்க ஆரம்பித்தார்கள்.

கிருபாகரன் கிடங்குத் தொலைபேசியில் நிறுவனத்தைக் கூப்பிட்டார். சரக்கு இல்லாமல் மலையிறங்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். சரி என்றார். ஜீப் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

அவர் சேம்பாறையின் சட்டங்களை நிதானமாக யோசித்துப் பார்த்தார். கொட்டை எந்த வாசல் வழியாகப் போனதோ அந்த வாசல் வழியாகத்தான் தொலியும் போக வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் போகத்தான் போகிறது. அந்த இடத்தில் போய் இருந்துகொண்டால் போதும். அதனால் அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், குழி வெட்டுகிற மதலைமுத்துவிடம் விவரத்தைச் சொன்னார்.

மதலைமுத்துவுக்கும் ஒரு கவலை இருந்தது. பங்குக் கோவில் ஏட்டில் இருந்தபடி எண்பத்தாறுக்கு அளவெடுத்துக் குழி வெட்டிவிட்டான். வந்தது நாற்பத்தொன்றுதான். அவளை வலது பக்கமாக ஒதுக்கி வைத்து மூடிவிட்டு, இடது பாதியைப் பலகை போட்டு வைத்திருந்தான். வெட்டிய குழியைச் சும்மா போட்டு வைப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டான்.

"வர்ற வரைக்கும்."

"மழை பெஞ்சா?"

"குடை இருக்கு."

மதலைமுத்து பலகையை எடுத்தான். கிருபாகரன் குழியின் இடது பாதியில் இறங்கி உட்கார்ந்தார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. கிருபாகரன் அங்கேதான் இருக்கிறார். அங்கே காற்று அடிப்பதில்லை என்பது அவருக்குச் சௌகரியம். பெல்ட் இப்போது ஒரு சுற்றுத்தான் வருகிறது. அதைப் பற்றி நிறுவனத்துக்கு அவர் எழுதவில்லை. சரக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். நன்றாக இருக்கிறது என்று பாக்கியநாதன் சொல்வார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பாக்கியநாதன் இரண்டு டிபன் டப்பாவோடு கல்லறைக்குப் போகிறார். மிச்சம்தான் கட்டிக் கொடுக்கும். டப்பாவுக்கு மூன்று இட்லி, ஓரத்தில் மல்லித் துவையல். ஒன்றை இடது பக்கம் குனிந்து கொடுப்பார். இன்னொன்றை வலது பக்கம் மண்மேல் மூடியைத் திறந்து வைப்பார். அரை மணி நேரம் சிலுவைத் திண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டையும் எடுத்துக்கொள்வார். இடது பக்கத்து டப்பா காலியாக இருக்கும். வலது பக்கத்து டப்பாவில் மூன்று இட்லி இருக்கும்.